காற்றுக்கு ஒரு விலை – 9. கடைசி வரிசை

செல்போன் அடித்தபோது அருணாதேவி மோர்ப் பானையில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று பௌர்ணமி. விடிந்ததிலிருந்தே அடி அண்ணாமலை வழியாக ஜனம் கிரிவலம் நடக்க ஆரம்பித்துவிட்டது. மாமியார் தங்கம்மாள் வாசலில் பெஞ்சைப் போட்டு, டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, வியாபாரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"அருணா, பக்கத்துல அம்மா இருக்குதா?"

புருஷன் சக்திவேலின் குரல் அமுங்கிப் போய் வந்தது. அருணாதேவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"இல்ல. சொல்லுங்க."

"மதி ஆய்வுக்கு வந்த அந்த சாரை இட்டுக்கினு காலையிலயே கெளம்பிட்டாளாம். லாட்ஜுல சொல்றாங்க. மத்தியானம்தான் வருவாங்கன்னு நெனச்சிக்கினு நான் இங்க மாலையும் பழமும் வாங்கிக்கினு நிக்கறேன்."

"அதுக்கு இன்னா? சீக்கிரம் வந்தா சீக்கிரம் முடிஞ்சிட்டுப் போவுது."

மறுமுனையில் எங்கோ போலீஸ் விசில் ஊதியது. ஒரு பஸ் ஹாரன் விடாமல் கத்தியது.

"கொக்கியை எடுக்கல," என்றான் சக்திவேல்.

அருணாதேவி பின்கட்டுக் கதவைச் சாத்தினாள்.

சக்திவேலின் தங்கை மதிவதனி படித்து முடித்துக் கார்பன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்துதான் இந்த வீட்டில் எல்லாமே மாறியது. வெளிநாட்டில் புகை விடுகிற தொழிற்சாலைக்காரர்கள், அந்தப் புகையை இங்கே மரங்கள் இழுத்து வைத்துக்கொள்வதற்காகப் பணம் தருவார்கள் என்று அவள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். மரம் பருக்கப் பருக்கப் பணம். "காத்துக்குக் கூடவா காசு தருவான்?" என்று தங்கம்மாள் சிரித்தாள். ஆனால் சக்திவேல் சிரிக்கவில்லை. தங்கை சொல்லை நம்பி, மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்த மலையடி நிலம் முழுக்கத் தேக்கும் மலைவேம்பும் வைத்தான். அவனைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் வைத்தார்கள். இரண்டு வருஷமாக அந்த நிலத்தில் ஒரு பிடி கடலை விளையவில்லை. இனி வருவதெல்லாம் மரத்திலிருந்துதான் வரவேண்டும். அதற்கு முன்னால் புனேயிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, மரங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து, சுற்றளவு எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஒரு நிலத்தில் தப்பு நடந்தாலும் ஊர் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

மலையிலிருந்து மான்கள் இறங்கி வந்தன. கன்றுகளின் பட்டையை உரித்துத் தின்றன. பன்றிகள் வேரோடு தோண்டிப் போட்டன. முதல் வருஷம் வைத்ததில் பாதி போயிற்று. மறுபடி வைத்த பிறகுதான் சக்திவேல் அந்தக் காரியத்தைச் செய்தான். நிலத்தின் பின்பக்கம், கடைசி வரிசைக்கு அப்பால், முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினான். இருட்டியதும் ஈ.பி. லைனில் கொக்கி போட்டு அந்தக் கம்பியில் கரண்டு விடுவான். விடிவதற்கு முன்னால் கொக்கியை எடுத்துவிடுவான்.

போன வாரம்தான் அருணாதேவிக்கு இது தெரிந்தது. "லேசா ஷாக் அடிக்கும், அவ்வளவுதான். ஓடிடும்," என்று அவன் சொன்னான். மறுநாள் கம்பியோரம் ஒரு கீரி விறைத்துக் கிடந்தது. அவன் அதைக் காலால் புதருக்குள் தள்ளிவிட்டான். அவளும் அதைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

"எப்படிங்க மறந்தீங்க?"

"விடிகாலையில மழை. கரண்டும் போயிடுச்சி. கரண்டு இல்லாத கம்பிதானேன்னு அப்புறமா எடுத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் இந்த அலைச்சல்ல..." அவன் மூச்சு வாங்கினான். "இங்க செங்கம் ரோட்ல பேரிகேடு போட்டுட்டாங்க. வண்டியை விட மாட்டேங்கறான். மதிக்கு அடிச்சா சுவிட்ச் ஆப். ஆய்வு முடியற வரைக்கும் யாரும் போனை ஆன் பண்ணக் கூடாதுன்னு அந்த சார் சொல்லிட்டாராம். முன்கூட்டியே தகவல் போயிடுதுன்னு."

"அவங்க முன்பக்கமா தானே வருவாங்க?"

"இல்ல. அந்த ஆளு எந்த நெலத்துக்குப் போனாலும் யாரும் காட்டாத எடத்தைத்தான் மொதல்ல பாப்பாராம்."

அந்த வருஷம் ஊரெல்லாம் கரண்டு கட். எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது கரண்டு இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"நீ ஓடு அருணா. அவங்கள எப்படியாவது முன்பக்கம் திருப்பிடு. கொக்கி பக்கத்து நெலத்து பாஞ்சாலை கெணத்தாண்ட இருக்கற போஸ்ட்ல கெடக்குது. நீ அதாண்ட போயிடாத. கம்பியையும் தொடாத."

"லைன்மேன் வேடியப்பன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"ஐயோ, அவன்கிட்ட சொன்னா கேஸ் ஆயிடும். பாரஸ்ட்காரனும் வருவான். யார்கிட்டயும் வாயத் தெறக்காத. அம்மாகிட்டக் கூட."

அவள் செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட? ஜனம் வர்ற நேரத்துல?"

"நெலத்துக்கு அத்தே. மதி வந்திருக்குதாம்."

"வந்தா வரட்டும். அவளுக்கு வழி தெரியாதா?" மருமகளின் முகத்தைப் பார்த்ததும் தங்கம்மாளின் குரல் இறங்கியது. "இன்னா ஆச்சி? அவன் எதனா சொன்னானா?"

"ஒண்ணுமில்ல அத்தே. மோருக்கு உப்பு போடல. நீங்க போட்டுடுங்க."

இதைச் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது அருணாதேவிக்கே திகிலாக இருந்தது.

பாதையில் இறங்கினால் நடக்க முடியவில்லை. குடும்பம் குடும்பமாக, கைகோத்துக்கொண்டு, தோளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜனம் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே திசையில் போக, அவள் எதிர்த் திசையில் போகவேண்டியிருந்தது. "பாத்து போம்மா," என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை. மழை விட்டிருந்தது. ஆனால் மண் எல்லாம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. காய்ந்த தரையில் நின்று தொட்டால் ஒரு மாதிரி. ஈரத்தில் நின்று தொட்டால்? அவள் அந்த நினைப்பை முடிக்காமல் நடந்தாள்.

திருப்பத்தில் ஏணி போட்டு ஒரு கம்பத்தில் ட்யூப்லைட் கட்டிக்கொண்டிருந்தான் வேடியப்பன். ஊர் லைன்மேன். சக்திவேலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அருணாதேவியின் கால்கள் தானாக நின்றன.

"வேடியப்பண்ணே, கரண்டு எப்ப வரும்?"

"இன்னாம்மா, மிக்ஸி ஓட்டணுமா?"

"மத்தியானத்துக்கு மேலதானே வரும்?"

"மத்த நாள்னா அப்படித்தான். இன்னைக்கு பௌர்ணமி இல்ல? பாதை பூரா லைட்டு எரியணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுக்கு இப்பவே குடுத்தாலும் குடுப்பாங்க."

"இப்பவேன்னா?"

"எந்நேரமும் வரும்மா."

அருணாதேவி ஏணியின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணே, எங்க நிலத்துக்குப் போற லைனை மட்டும் நிறுத்தி வை. அவ்வளவுதான் சொல்லவேண்டும். சக்திவேலின் குரல் குறுக்கே நின்றது. கேஸ் ஆயிடும். போலீஸ் ஜீப்பில் அவன் தலை குனிந்து ஏறுவது, ஊரே வேடிக்கை பார்ப்பது, தங்கம்மாள் வாசலில் விழுந்து புரள்வது எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏம்மா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று வேடியப்பன் மேலேயிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். பிறகு ஓடினாள்.

நிலத்தின் முன்பக்கத்தில் யாரும் இல்லை. சேற்றில் இரண்டு ஜோடி ஷூத் தடங்கள் வாய்க்கால் கரை மேலாகவே பின்பக்கம் போயிருந்தன. மலைவேம்பு வரிசைகளுக்கு நடுவே அருணாதேவி ஓடினாள். இலைகளில் தங்கியிருந்த தண்ணீர் தலையிலும் முதுகிலும் கொட்டியது. தூரத்தில் மதிவதனியின் குரல் கேட்டது. ஏதோ அளவை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவளின் குரல். அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் வேண்டிக்கொண்டது.

"மதி."

மதிவதனி திரும்பினாள். கம்பெனித் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் நரைத்த தாடியோடு ஓர் ஒல்லியான மனிதர், கையில் இரும்பு டேப்பை வைத்துக்கொண்டு ஒரு மரத்தை அணைத்தபடி நின்றிருந்தார்.

"அண்ணி? இன்னா இப்படி ஓடியாறீங்க? அம்மாவுக்கு எதனா..."

"அம்மா நல்லாத்தான் இருக்குது. வீட்டுக்கு வாங்க. சாருக்குப் பலகாரம் பண்ணி வெச்சிருக்கேன். சாப்ட்டு வந்து பாத்துக்கலாம்."

மதிவதனி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவர் முன்னாடி இப்படிலாம் பேசாதீங்க அண்ணி. லஞ்சம் குடுக்கறோம்னு நெனச்சிக்குவாரு. நீங்க போங்க, முடிச்சிட்டு வர்றோம்."

புனேக்காரர் அருணாதேவியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கடைசி வரிசை. அதற்கும் அப்பால் புல்லுக்குள் கம்பி. தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

"அந்தப் பக்கம் போவாதீங்க. கதண்டு கூடு கட்டியிருக்குது."

விஷ வண்டுக் கூடு என்று மதிவதனி அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் நிமிர்ந்து மரங்களைப் பார்த்தார். எந்த மரத்திலும் கூடு இல்லை. மதிவதனியும் பார்த்தாள். பார்த்துவிட்டு அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல இறுகியது.

"எந்த மரத்துல?"

"அங்க. கடைசியில."

"கடைசி வரிசை செத்துப்போச்சா அண்ணி?"

"இல்ல மதி, இல்லவே இல்ல."

"அண்ணன்தான் உங்கள அனுப்பிச்சாரா? இவ்வளவு நாள் என்கிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லிக்கினு இருந்தாரு. இருவது ஊர்ல போயி நான் பேசியிருக்கேன். எங்க வீட்டு நெலத்தை நானே மறைச்சா நாளைக்கு எவன் என்னை நம்புவான்?" அவள் கண்கள் கலங்கியிருந்தன. கோபத்தில்தான். "செத்திருந்தா செத்துதுன்னு எழுதிக்கிட்டுப் போவாரு. பொய் சொன்னா மொத்த ஊரும் போயிடும்."

அருணாதேவி அவள் கையைப் பிடித்தாள். மதிவதனி உதறிக்கொண்டு திரும்பினாள். கடைசி வரிசையைப் பார்த்துவிடலாம் என்று அந்த மனிதரிடம் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

அருணாதேவியும் பின்னாலேயே போனாள். கரண்டு வரவில்லை. இன்னும் வரவில்லை. வருவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவளே அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கம்பியைக் காட்டிக்கொடுக்காமலேயே இது முடிந்துவிடும் என்று ஒரு கணம் நம்பவும் செய்தாள்.

கடைசி வரிசை செத்திருக்கவில்லை. நிலத்திலேயே அந்த வரிசைதான் செழித்து நின்றது. தேக்கு இலைகள் முறம் முறமாக விரிந்திருந்தன. ஒரு பட்டைகூட உரியவில்லை. புனேக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். மதிவதனி குழம்பிப் போய் நின்றாள்.

"இதையா காட்ட மாட்டேன்னீங்க? ஏன் அண்ணி?" பிறகு அவள் மரங்களைத் தாண்டிக் காட்டுப் பக்கம் பார்த்தாள். "மலைக்கு இவ்வளவு கிட்ட இருக்குது. இங்க மட்டும் மான் வாயே வெக்கலியே?"

புனேக்காரர் டேப்பை இழுத்து மரத்தைச் சுற்றிவிட்டு, மறு நுனியைப் பிடிப்பதற்காக மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். ஷூ நனைந்து சளக் சளக்கென்று சத்தம் போட்டது. அவருடைய குதிகாலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அப்போது பாஞ்சாலை கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

முதலில் ஒரு முனகல். பிறகு ஒரே சீராக அதன் இரைச்சல். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான்.

"கரண்டு," என்று அருணாதேவி கத்தினாள். "சார், நவுராதீங்க. கையில இருக்கறத விட்டுடுங்க. மதி, கம்பியில கரண்டு ஓடுது. அவர் பின்னாடி. பின்னாடி."

கரண்டு என்ற வார்த்தை அவருக்குப் புரிந்தது. அவர் அப்படியே உறைந்தார். கையைத் திறந்தார். இழுத்துப் பிடித்திருந்த டேப் மரத்தை விட்டுத் துள்ளி, சுருண்டு, புல்லுக்குள் போய் விழுந்தது.

பட்டென்று ஒரு சத்தம். நீல நிறத்தில் நெருப்பு தெறித்தது. டேப் ஒரு புழுவைப் போல நெளிந்து கறுத்தது. ஈரப் புல்லிலிருந்து புகை வந்தது.

மதிவதனி அவர் சட்டையைப் பிடித்து முன்பக்கம் இழுத்தாள். இருவருமே சேற்றில் விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்து கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து அருணாதேவியின் காலடி வரைக்கும் வந்தார்கள். அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய அப்பா வயது இருக்கும் என்பதை அருணாதேவி அப்போதுதான் கவனித்தாள்.

யார் இதைச் செய்தது என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். அது அவளுக்கே புரிந்தது. மதிவதனி அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணனா?"

அருணாதேவி தலையசைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"நேத்து போன் பண்ணேனே. எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொன்னீங்க." மதிவதனி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "இப்பக் கூட கதண்டுன்னீங்க அண்ணி. அந்த மனுஷன் செத்திருந்தா, அவர் வீட்டுக்கும் கதண்டு கொட்டிடுச்சின்னு சொல்லி அனுப்பியிருப்பீங்களா?"

டேப் கிடந்த இடத்தில் இன்னும் சின்னச் சின்னதாகப் பொறி பறந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"வேடியப்பண்ணன் நம்பர் இருக்கா உங்கிட்ட?" என்று அருணாதேவி கேட்டாள்.

மதிவதனி தன் போனுக்கு உயிர் கொடுத்து, நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். மணி அடிப்பது கேட்டதும் அருணாதேவி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதை மதி சொல்லக் கூடாது. தான்தான் சொல்லவேண்டும்.

"அண்ணே, நான் அருணா. மலையடி நெலத்துல நாங்க கொக்கி போட்டிருக்கோம். பாஞ்சாலை கெணத்தாண்ட. கம்பியில கரண்டு ஓடுது. டிரான்ஸ்பார்மர்ல பீஸைப் புடுங்கிடுங்க."

எதிர்முனையில் ஜனங்களின் இரைச்சலுக்கு நடுவே வேடியப்பன் பேசினான்.

"அப்பவே வந்து என் முன்னாடி நின்னியேம்மா."

"ஆமாண்ணே."

"யாராவது..."

"இல்லண்ணே. உயிருக்கு ஒண்ணுமில்ல."

அவன் போனை வைத்தான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் இரைச்சல் தேய்ந்து நின்றது. புல்லில் பொறி அடங்கியது. ஒரு மைனா எங்கேயோ கத்த ஆரம்பித்தது. அருணாதேவி தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இடுப்பில் அவளுடைய செல் அடித்தது. சக்திவேல். அவள் எடுப்பதற்குள் மதிவதனி குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

"அருணா, சார் பாத்துட்டாரா?"

குரல் வெளியே வரை கேட்டது. யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. மதிவதனி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"பாத்துட்டாருண்ணா. உயிரோட பாத்துட்டாரு."

மதிவதனி போனை அணைத்து அண்ணியின் மடியில் வைத்தாள்.

புனேக்காரர் மெதுவாக எழுந்து நின்றார். கால்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். அவர் கோபப்படுவார், திட்டுவார் என்று அருணாதேவி காத்திருந்தாள். அவர் கடைசி வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார். அவ்வளவு நேரம் அவருக்குச் சந்தோஷம் தந்த மரங்கள்தான். பிறகு மதிவதனியிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

மதிவதனி பதிலுக்குப் பயப்படுகிறவள் மாதிரி அண்ணியைப் பார்த்தாள்.

"மத்தவங்க நெலத்துலயும் இந்த மாதிரி இருக்கான்னு கேக்கறாரு." அவள் அருணாதேவிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "நம்ம நெலத்துல மட்டும்தானே அண்ணி?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். தலையை ஆட்டினாலே போதும். அவர் மனசு வைத்தால் தங்கள் வீடு மட்டும் திட்டத்திலிருந்து போகும். ஊர் பிழைக்கும். மதியின் வேலையும் தப்பிக்கலாம். மதியின் கண்ணும் அதைத்தான் கேட்டது. ஆமாம் என்று சொல்லுங்கள் அண்ணி என்று கெஞ்சியது.

அருணாதேவி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் இந்த நிலத்தையும் இந்த மனிதரையும் தவிர வேறெதுவும் அவள் நினைவில் இல்லை. சக்திவேல் போனில் அதைச் சொல்லவும் இல்லை. சாருக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்கிற பயத்தில் அவனும் மறந்திருக்கவேண்டும்.

"ஜோதியம்மா நெலத்துல," என்றாள்.

"இன்னா?"

"ஜோதியம்மா வீட்ல ஆம்பள இல்லன்னு உங்க அண்ணன்தான் கம்பி கட்டிக் குடுத்தாரு. ராத்திரி போடறதும் இவருதான். காலையில எடுக்கறதும் இவருதான்."

மதிவதனி எழுந்து நின்றாள். "அப்ப இன்னைக்குக் காலையில?"

"எடுத்திருக்க மாட்டாரு."

"வேடியப்பண்ணன்தான் பீஸைப் புடுங்கிட்டாரே."

"அது இந்த டிரான்ஸ்பார்மர் இல்ல மதி. பாதையில லைட்டு எரியுதே, அது."

ஜோதியம்மாளின் நிலம் மலையடியில் இல்லை. கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. அங்கே ஒரு பெரிய புளியமரம். நடந்து களைத்தவர்கள் எப்போதும் அங்கேதான் உட்காருவார்கள். மறைவுக்காக உள்ளே தேக்குக் கன்றுகளுக்கு நடுவே போகிறவர்களும் உண்டு.

மதிவதனி வேடியப்பன் நம்பரை மறுபடி போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இறங்கிப் போய் வேறு கம்பத்தில் ஏறியிருப்பான். சட்டைப் பையில் போன் கத்துவது அந்தக் கூட்டத்து இரைச்சலில் கேட்டிருக்காது.

"விடாம அடிச்சிக்கிட்டே இருங்க சார்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, போனை அந்த மனிதர் கையில் திணித்துவிட்டு அவள் ஓட ஆரம்பித்தாள். அருணாதேவியும் ஓடினாள். மலைவேம்பு வரிசைகளைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, முள்வேலியில் புடவை கிழிவதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் பாதைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பாதை நெடுகிலும் பட்டப் பகலில் ட்யூப்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன.

ஜனம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க," என்று மதிவதனி இடித்துக்கொண்டு போனாள். யாரோ திட்டினார்கள். புளியமரம் தெரிந்தது. அதன் அடியில் துணி விரித்துச் சிலர் படுத்திருந்தார்கள். ஒரு கிழவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அலறல் எதுவும் கேட்கவில்லை. அருணாதேவிக்கு ஒரு மூச்சு வந்தது.

"யாராவது உள்ள போனாங்களா?" என்று மதிவதனி அந்தக் கிழவரிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"இந்தத் தேக்குக்குள்ள. யாராவது போனாங்களா பெரியவரே?"

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார்.

"எங்க மருமவ போனா. புள்ளைக்குக் கால் கழுவணும்னு இட்டுக்கினு போனா. இன்னும் காணமே."

அருணாதேவி வேலிப் படலைப் பார்த்தாள். அது திறந்து கிடந்தது. ஈர மண்ணில் ஒரு பெரிய வெறுங்காலும் பக்கத்திலேயே ஒரு சின்ன வெறுங்காலும் உள்ளே போயிருந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.